தாத்தாட கல்யாணமும் நம் எழுத்தின் கதையும்



புறக்கோட்டையில் நாங்கள் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவன் கட்டுரை எழுதினான். "எங்கட தாத்தாட கல்யாணம்" என்பது தலைப்பு. போனில் ஒரு மென்பொருளிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டு வந்தபோது அது "எங்கள் பாட்டனாரின் திருமணம்" என்று மாறியிருந்தது. வாசித்ததும் வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

தாத்தா என்றால் நமக்கு மூத்த சகோதரி. பக்கத்துக் கடைச் சிங்களச் சகோதரருக்கு அதே சொல் வாப்பாவைக் குறிக்கும். மற்றத் தமிழருக்குப் பாட்டன். மென்பொருள் தனக்கு அதிகம் பழகிய பொருளை எடுத்துக்கொண்டது. நம் வீட்டுப் பேச்சை அது கண்டது குறைவு.

எழுதுவதற்குத் துணை தேடுவது நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதுதான் அரபுத்தமிழ். அரபியின் 28 எழுத்துகளில் ங, ஞ, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு இடமில்லை. இடமில்லை என்பதற்காக அவர்கள் அந்த ஒலிகளைக் கைவிடவில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் கிதாபுகள் எழுதினார்கள். தமிழ் எழுத்துப் படிக்காவிட்டாலும், குர்ஆன் ஓதத் தெரிந்த நம் மூதாட்டிகள் அவற்றை வாசித்தார்கள்.

பிறகு அச்சு வந்தது. கண்டியில் சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாக அது மதிக்கப்படுகிறது. அச்சு இயந்திரம் அவருக்குக் கை கொடுத்தது. சொல்ல வேண்டியதை அவரே யோசித்தார்.

தட்டச்சு இயந்திரமும் அப்படித்தான். தமிழுக்கு 247 எழுத்துகள். இயந்திரத்தில் இருப்பதோ சில பத்து விசைகள். யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை வைத்து, ஓர் எழுத்தின் மேல் புள்ளியையும் விசிறியையும் சேர்த்து அடிக்க வழி செய்தார். அவர் தமிழைச் சுருக்கவில்லை, இயந்திரத்தையே மாற்றினார்.

இன்று நாம்தான் தலைகீழாக நிற்கிறோம். இயந்திரத்துக்குத் தெரியாத சொல்லை நாமே அழித்துவிடுகிறோம். உம்மா, வாப்பா, நானா, மவுத்து என்று ஒவ்வொன்றாகக் கட்டுரையிலிருந்து போனால், நாளை வீட்டிலிருந்தும் போய்விடும்.

மென்பொருள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ர–ற, ல–ள–ழ பிழைகளை அது காட்டித் தருகிறது. எங்களுக்கே உதவுகிறது. ஆனால் முதல் பிரதியைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். திருத்திய பிறகு உம்மாவுக்கு ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டட்டும். உம்மாவுக்கு விளங்காத திருத்தம் திருத்தமல்ல. பெரியவர்களும் குடும்பக் கதைகளை நம் சொல்லிலேயே எழுதி வையுங்கள். எழுதாத சொல்லை எந்த மென்பொருளும் கற்காது.

அந்த மாணவன் மறுநாள் திரும்ப எழுதி வந்தான். முதல் வரி இப்படி இருந்தது: "எங்கட தாத்தாட, அதாவது என் மூத்த சகோதரியின், கல்யாணம்."

சொல்லையும் விடவில்லை, வாசிப்பவரையும் விடவில்லை. முழுப் புள்ளி போட்டோம்.