ஓரிடத்தான்

ஐசோடோப்பு: அணு எண் ஒன்றாகவும் நிறையெண் வேறாகவும் உள்ள அணுக்கள். தமிழில் ஓரிடத்தான், இலங்கை வழக்கில் சமதானி.

கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம். 'டோபோஸ்' என்றால் இடம். கதிரியக்கச் சிதைவில் பிறந்த சில பொருள்கள் எடையில் வேறுபட்டும் வேதிமுறையில் பிரிக்க முடியாதவையாக இருந்தன. அவை தனிம வரிசை அட்டவணையில் ஒரே கட்டத்தில் அமர்பவை என்று கிளாஸ்கோவில் பணியாற்றிய ஃபிரெடெரிக் சாடி முடிவுசெய்தார்; மருத்துவர் மார்கரெட் டாட் எடுத்துக்கொடுத்த இப்பெயரை 1913இல் அச்சேற்றினார். இடத்தை வைத்துப் பெயரிட்டதே இச்சொல்லின் சிறப்பு. அந்த அட்டவணையை 1869இல் அமைத்த மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தினார். ஆனால் டெலூரியம் (127.6) அயோடினைவிடக் (126.9) கனமானது, பண்புகளைக் கருதி அதையே முன்னே வைக்க வேண்டியிருந்தது. இடத்தைத் தீர்மானிப்பது உட்கருவின் மின்சுமையே என்பதை மோஸ்லியின் எக்ஸ் கதிர் அளவீடுகள் அதே 1913இல் காட்டின. குளோரினின் அணு எடை 35.45 என்று பின்னமாக நிற்பதற்கும் விளக்கம் கிடைத்தது: 35, 37 என்ற நிறையெண்கள் கொண்ட இருவகை அணுக்களின் சராசரி அது.

இடம் ஒன்றென்றால் பண்பும் ஒன்றாக வேண்டாமா, கனநீர் ஏறத்தாழ 101.4 பாகை செல்சியஸில் கொதிக்கிறதே என்று கேட்கலாம். கனநீரில் உள்ள டியூட்டீரியம் என்ற ஹைட்ரஜன் ஓரிடத்தான் சாதாரண ஹைட்ரஜனைவிட ஏறக்குறைய இருமடங்கு நிறையுள்ளது. இத்தகைய விகித வேறுபாடு மிக லேசான தனிமத்தில்தான் வரும். யுரேனியம் 235, 238 இரண்டுக்கும் இடையே அது மிகச் சிறிது. அதனாலேயே அவற்றைப் பிரிப்பது அரும்பாடு. மேலும், இச்சொல் சமம் என்று சொல்வது இடத்தை மட்டுமே. நிறை மாறினாலும் மின்சுமை மாறாதவரை தனிமம் மாறாது என்ற உண்மையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு சொல் இல்லை.