ஸ்டாம்ஃபோர்டின் தொன்மையான தேவாலயங்கள்: ஒரு நாள் சுற்று

ஸ்டாம்ஃபோர்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தின் தென்கோடியில், வெலண்ட் ஆற்றின் கரையில் உள்ள சிறு நகரம். லண்டனுக்கு வடக்கே சுமார் 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மத்திய காலத்தைச் சேர்ந்த ஐந்து பங்குத் தேவாலயங்கள் இன்றும் முழு உருவத்தோடு இங்கே நிற்கின்றன. தூய மார்ட்டின், தூய மரியாள், தூய ஜார்ஜ், தூய யோவான் ஸ்நானகர், சகல பரிசுத்தவான்கள் ஆகியோர் பெயரில் அமைந்த அந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று சில நிமிட நடைத் தூரத்திலேயே உள்ளன. இவற்றோடு ஒரு மடாலயத்தின் எச்சம், பள்ளிச் சிற்றாலயமாக மாறிய ஒரு பழைய கோயிலின் பகுதி, கடைகளாகிவிட்ட ஒரு தேவாலயம் ஆகியவற்றையும் சேர்த்தால், அவசரமில்லாமல் ஒரே நாளில் நடந்து பார்த்து முடிக்கக்கூடிய சுற்று அமைகிறது. கம்பளி வணிகத்தில் சேர்ந்த பணத்தால் எழுந்து, பின்னர் பணம் வற்றியதால் மாற்றமின்றித் தப்பியவை இந்தக் கட்டடங்கள்.

நகரமும் கல்லும்

ஒன்பதாம் நூற்றாண்டில் டேனியர் கைப்பற்றிய பகுதியின் ஐந்து முக்கிய அரண்நகரங்களில் ஸ்டாம்ஃபோர்டும் ஒன்று. லிங்கன், லெஸ்டர், நாட்டிங்காம், டெர்பி ஆகியவை மற்ற நான்கு. 918இல் மூத்த எட்வர்டு மன்னர் ஆற்றின் தென்கரையில் ஓர் அரண் எழுப்பி நகரைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். லண்டனிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை இங்கே ஆற்றைக் கடந்ததால் சந்தையும் வணிகமும் வளர்ந்தன. 13ஆம் நூற்றாண்டில் ஸ்டாம்ஃபோர்டுத் துணிக்கு வெனிஸ் வரை பெயர் இருந்தது. துணி நெசவு தளர்ந்த பின்னும் கம்பளி ஏற்றுமதி நகரத்தைத் தாங்கியது.

நகரைச் சுற்றியுள்ள நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். அருகிலுள்ள பார்னாக் சுரங்கக் கல்லைக் கொண்டுதான் பீட்டர்பரோ, ஈலி பேராலயங்கள் கட்டப்பட்டன. பார்னாக் கல் தீர்ந்த பிறகு கெட்டன் கல் அந்த இடத்தைப் பிடித்தது. கூரைக்குக் காலிவெஸ்டன் கல்தகடு பயன்பட்டது. வெட்டியெடுத்த கல்லைக் குளிர்காலத்தில் நனைத்து வெளியே போட்டுவிடுவார்கள். உள்ளே ஊறிய நீர் உறைந்து விரியும்போது கல் தகடு தகடாகப் பிளக்கும். கோயில், வீடு, விடுதி எல்லாமே இந்த ஒரே வகைக் கல்லால் ஆனவை. அதனால் நூற்றாண்டுகள் பல கடந்து கட்டப்பட்டவையும் ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன.

பதினான்கிலிருந்து ஐந்து

மத்திய காலத்தில் இந்தச் சிறு நகரத்தில் பதினான்கு பங்குத் தேவாலயங்கள் வரை இருந்தன. பிரான்சிஸ்கன், டொமினிக்கன், கார்மலைட், அகுஸ்தீன் ஆகிய நான்கு சபைத் துறவியருக்கும் மடங்கள் இருந்தன. கறுப்பு இளவரசர் எனப்பட்ட எட்வர்டின் மனைவியும் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் தாயுமான கென்ட் நாட்டு ஜோன், இங்கிருந்த பிரான்சிஸ்கன் கோயிலில்தான் அடக்கம் செய்யப்பட்டார். 1333இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஏற்பட்ட பூசலால் ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியேறி இங்கே வந்து பாடம் நடத்தத் தொடங்கினார்கள். மூன்றாம் எட்வர்டு மன்னர் 1335இல் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு ஸ்டாம்ஃபோர்டில் விரிவுரை ஆற்றுவதில்லை என ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் பெறுவோர் உறுதிமொழி அளிக்கும் வழக்கம் 1827 வரை நீடித்தது.

1461இல், ரோசாப்பூப் போர்களின்போது, லங்காஸ்டர் தரப்புப் படை நகரைச் சூறையாடியது. சில கோயில்கள் அப்போது பட்ட சேதத்திலிருந்து மீளவேயில்லை என்பது உள்ளூர் மரபு. வணிகமும் மக்கள்தொகையும் குறைந்துபோன நிலையில் அத்தனை பங்குகளைப் பராமரிக்க வழியில்லை. எட்டாம் ஹென்றி துறவியர் மடங்களைக் கலைத்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் நகரத்தின் பங்குகளை ஒன்றிணைக்கச் சட்டம் வந்தது. தேவைக்கு மிஞ்சிய கோயில்கள் இடிக்கப்பட்டு அவற்றின் கல் வேறு கட்டடங்களுக்குப் போனது.

சுற்றுப்பாதை

நகர ரயில் நிலையம் 1848இல் திறக்கப்பட்டது. அது ஆற்றின் தென்கரையில் இருப்பதால், தூய மார்ட்டின் ஆலயத்தில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, வடகரைக் கோயில்களைப் பார்த்துவிட்டுக் கிழக்கே தூய லெனார்டு மடத்தில் முடிப்பது வசதி.

*தூய மார்ட்டின் ஆலயம்.* லிங்கன் ஆயர் ஜான் ரசல் காலத்தில், 1480களில், முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டது. ஆங்கில கோதிக் கலையின் கடைசிக் கட்டமான செங்குத்துப் பாணிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு இது. அகன்ற சன்னல்கள், அவற்றை மேலிருந்து கீழாகப் பிரிக்கும் மெல்லிய கற்கம்பிகள், உயரமான ஒல்லித் தூண்கள் ஆகியவை அந்தப் பாணியின் அடையாளங்கள். முதலாம் எலிசபெத் அரசியின் தலைமை அமைச்சராக நாற்பது ஆண்டுகள் விளங்கிய வில்லியம் செசில், பர்லி பிரபு, 1598இல் இறந்து இங்கே அடக்கமானார். தூண்கள் தாங்கும் விதானத்தின் கீழே, கவசமணிந்து, பதவிக் கோலைக் கையில் ஏந்திப் படுத்திருக்கும் அவருடைய உருவம் திருப்பீடத்தை ஒட்டி இருக்கிறது. அவர் கட்டிய பர்லி மாளிகை நகருக்கு வெளியே சிறிது தூரத்தில் உள்ளது. வடக்குப் பக்கத்தில் ஐந்தாம் எக்சீட்டர் பிரபு ஜான் செசிலுக்கும் அவர் மனைவிக்கும் எழுப்பிய பளிங்கு நினைவுச்சின்னம் முற்றிலும் வேறு உலகம். பியர் மோனோ என்ற சிற்பி ரோமில் செதுக்கி, கடல் வழியே அனுப்பப்பட்டு, 1704இல் நிறுவப்பட்டது. ரோமானிய உடையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கும் தம்பதியரைப் பார்த்துவிட்டு மூதாதையரின் கவச உருவத்துக்குத் திரும்பினால், நூறு ஆண்டுகளில் பிரபுக்களின் ரசனை எவ்வளவு மாறியது என்பது விளங்கும். இங்குள்ள மத்திய கால வண்ணக் கண்ணாடியில் பெரும்பகுதி இந்தக் கோயிலுக்குரியதன்று. 18ஆம் நூற்றாண்டில் எக்சீட்டர் பிரபு அதை லிங்கன்ஷயரின் டாட்டர்ஷால் கோயிலிலிருந்து எடுத்து வந்து பொருத்தச் செய்தார்.

இந்த ஆலயத்துக்குரிய கல்லறைத் தோட்டத்தில் டேனியல் லாம்பர்ட்டின் கல்லறை இருக்கிறது. லெஸ்டரில் சிறைக் காவலராக இருந்த அவர், தம் காலத்தில் இங்கிலாந்திலேயே மிகப் பருமனான மனிதராகப் பெயர் பெற்றவர். 1809இல் குதிரைப் பந்தயத்துக்காக இங்கு வந்தவர் விடுதி ஒன்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. எடை சுமார் 335 கிலோ. சவப்பெட்டிக்குச் சக்கரம் பொருத்தி, அறைச் சுவரை இடித்துத்தான் உடலை வெளியே கொண்டுவர முடிந்தது.

*தூய மரியாள் ஆலயம்.* ஜார்ஜ் விடுதியின் பெயர்ப்பலகை தெருவுக்குக் குறுக்கே தோரணம்போல் நீண்டிருக்கும் இடத்தைத் தாண்டிப் பாலத்தை அடைந்தால், எதிரே மேட்டில் இந்தக் கோயில் தெரியும். கோபுரம் 13ஆம் நூற்றாண்டின் கைவேலை. அதன் மேலுள்ள ஊசிமுனைக் கூம்பு 14ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. தரையிலிருந்து உச்சி வரை சுமார் 50 மீட்டர். சதுரக் கோபுரத்தின் மேல் எண்கோணக் கூம்பை, சுற்றுச்சுவர் எதுவும் இடையில் வைக்காமல், நேரடியாக ஏற்றியிருக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் எழும் அரைப் பிரமிடுகள் சதுரத்தை எண்கோணமாக மாற்றுகின்றன. இங்கிலாந்தின் கிழக்கு மத்தியப் பகுதிக்கே சிறப்பான இந்த அமைப்புக்கு இது தலைசிறந்த சான்றுகளில் ஒன்று. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் இந்தக் காட்சிக்குத் தொப்பியைக் கழற்றி வணங்கினார் என்று சொல்லப்படுவதுண்டு. உள்ளே வடக்குச் சிற்றாலயத்தின் வளைந்த மரக்கூரை, பொன் வண்ணம் தீட்டிய 15ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதி வேலை. திருப்பீடப் பகுதியின் அலங்காரங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஜே. டி. செடிங் வடிவமைத்தவை.

*தூய ஜார்ஜ் ஆலயம்.* தூய மரியாள் ஆலயத்திலிருந்து கிழக்கே நடந்தால், ஜார்ஜிய கால வீடுகள் சூழ்ந்த சதுக்கத்தில் இது அமைந்திருக்கிறது. ஐந்தாம் ஹென்றி மன்னர் கார்ட்டர் வீரர் சங்கத்துக்கென ஒரு தலைமைச் சின்ன அலுவலர் பதவியை உருவாக்கியபோது அதில் முதலில் அமர்ந்தவர் வில்லியம் புரூஜஸ். அவர் விட்டுச்சென்ற பொருளால் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் திருப்பீடப் பகுதி புதுப்பிக்கப்பட்டது. சங்கத்தின் முதல் வீரர்களையும், அவர்களின் காவல் புனிதரான ஜார்ஜின் வரலாற்றையும் காட்டிய சன்னல்கள் ஒருகாலத்தில் இங்கே இருந்தன. உருவங்கள் மறைந்துவிட்டன. சங்கத்தின் குறிக்கோள் வாசகம் பொறித்த கண்ணாடித் துண்டுகள் மட்டும் எஞ்சியுள்ளன.

*தூய மிக்கேல் ஆலயம்.* கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட்டில் உள்ளது. பழைய கோயிலை எடுத்துவிட்டு 1830களில் இப்போதுள்ள கட்டடத்தை எழுப்பினார்கள். வழிபாடு நின்ற பிறகு 1980களில் கீழ்ப்பகுதியைக் கடைகளாக்கினார்கள். ஐந்து கோயில்களும் தப்பியதன் அருமையை உணர இதன் முன்னால் சற்று நின்றால் போதும்.

*தூய யோவான் ஸ்நானகர் ஆலயம்.* 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட அடக்கமான கோயில். வழக்கமான பங்கு வழிபாடு இங்கே நடைபெறுவதில்லை. கைவிடப்பட்ட தேவாலயங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை ஒன்று பராமரிக்கிறது. உத்தரங்களில் தேவதூதர் உருவங்களைத் தாங்கிய மரக்கூரை, செதுக்கு வேலை கொண்ட மரத் திரைகள், பழைய வண்ணக் கண்ணாடி ஆகியவை பார்க்கத்தக்கவை.

*சகல பரிசுத்தவான்கள் ஆலயம்.* நகரின் மையத்தில், ரெட் லயன் சதுக்கத்தின் மேல் ஓங்கி நிற்பது. வெளிச்சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றி, சுவரோடு ஒட்டிய திறப்பில்லாத வில்வளைவுகளை 13ஆம் நூற்றாண்டில் வரிசையாக அமைத்திருக்கிறார்கள். கோபுரமும் கூம்பும் உள்ளிட்ட பெரும் பகுதி 15ஆம் நூற்றாண்டில் பிரவுன் குடும்பத்தாரின் செலவில் எழுந்தது. அவர்கள் அன்றைய ஆங்கிலேயக் கம்பளி ஏற்றுமதியின் நுழைவாயிலான கலே துறைமுகத்தில் உரிமம் பெற்ற வணிகர்கள். குடும்பத்தாரின் உருவங்கள் பொறித்த பித்தளைத் தகடுகள் உள்ளே பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் வணிகரின் பாதங்கள் கம்பளி மூட்டையின் மேல் ஊன்றியிருக்கின்றன. பிரபுக்களின் நினைவுச்சின்னங்களில் அந்த இடத்தில் சிங்கமோ நாயோ இருக்கும். எந்தத் தொழில் இந்தக் கோயிலைக் கட்டியது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் சான்று அது. வில்லியம் பிரவுன் 1489இல் இறந்தார். அவர் நிறுவிய பிரவுன் அறநிலையம் பக்கத்திலுள்ள பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. பத்து ஏழை ஆண்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் தங்குமிடமாகத் தொடங்கிய அது இன்றும் முதியோர் இல்லமாகவே இயங்குகிறது. அதன் சிற்றாலயத்திலும் தொடக்க கால வண்ணக் கண்ணாடி உள்ளது.

*தூய பவுல், தூய லெனார்டு.* கிழக்கே செல்லும் தூய பவுல் தெருவில், 1532இல் தொடங்கிய ஸ்டாம்ஃபோர்டு பள்ளியின் வளாகத்துக்குள் தூய பவுல் ஆலயத்தின் மீந்த பகுதி சிற்றாலயமாக இருக்கிறது. மற்ற பகுதிகள் இடிக்கப்பட்டபோது பள்ளிக்கூடமாகப் பயன்பட்டதால் இது தப்பியது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தவர்களின் நினைவைத் தாங்கிய பிரேசன்நோஸ் வாயிலும் இதே தெருவில்தான். அதன் பழைய கதவு வளையத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டின் பிரேசன்நோஸ் கல்லூரி 1890இல் அந்த வீட்டையே விலைக்கு வாங்கி, வளையத்தை எடுத்துச்சென்றது. இன்னும் கிழக்கே போனால் தூய லெனார்டு மடம் வரும். டர்ஹாம் பேராலய மடத்தின் கிளையாகப் பெனடிக்ட் சபைத் துறவியர் இதை நடத்தினார்கள். 12ஆம் நூற்றாண்டின் நார்மன் பாணி முகப்பும், உருண்டைத் தூண்கள் தாங்கும் அரைவட்ட வளைவு வரிசையும் இங்கே எஞ்சியவை. கூர்மையான கோதிக் வளைவுகளையே பகல் முழுதும் பார்த்து வந்த கண்ணுக்கு இந்த அரைவட்ட வளைவுகளின் பழமை உடனே புலப்படும்.

தப்பியதற்குக் காரணம்

18ஆம் நூற்றாண்டில் நெடுஞ்சாலைக் குதிரை வண்டிப் போக்குவரத்து நகருக்கு மீண்டும் வாழ்வு தந்தது. வீடுகளின் முகப்புகள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் லண்டனிலிருந்து வடக்கே சென்ற முதன்மை ரயில்பாதை 1850களில் பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. ஸ்டாம்ஃபோர்டுக்குக் கிளைப்பாதைகள்தான் வாய்த்தன. நகரைச் சுற்றியிருந்த பொதுவயல்கள் 1875 வரை பிரிக்கப்படாததால் வெளியே விரிவடையவும் இடமில்லை. எக்சீட்டர் பிரபு ரயிலை எதிர்த்ததே முதன்மைப் பாதை வேறு வழியாகப் போனதற்குக் காரணம் என்று ஊரில் சொல்வதுண்டு. வரலாற்றாசிரியர்கள் அதை முழுமையாக ஏற்பதில்லை. எப்படியோ, பெருந்தொழில் வராததால் பழைய தெருக்களை இடித்து அகலப்படுத்தும் தேவையும் வரவில்லை. 1967இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது ஸ்டாம்ஃபோர்டின் மையப்பகுதிதான்.

பயணக் குறிப்புகள்

பீட்டர்பரோவிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும். வெள்ளிக்கிழமை தெருச்சந்தை கூடுவதால் நகரம் களைகட்டும். அமைதியாகப் பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும் கோயில்களைப் பிற்பகலுக்கு ஒதுக்குவது நல்லது. மற்ற நாள்களில் காலையில் தூய மார்ட்டின், தூய மரியாள், தூய ஜார்ஜ் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு உணவுக்குப் பின் மற்றவற்றை முடித்தால் எந்த இடத்திலும் விரைய வேண்டியிருக்காது. சிறு கோயில்களும் அறநிலையமும் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். பழங்கூரைகளையும் கோபுரங்களையும் பராமரிக்கும் செலவில் பெரும்பங்கு அந்தந்தப் பங்கு மக்களின் தலையில்தான் விழுகிறது. வாசலருகே இருக்கும் காணிக்கைப் பெட்டி அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.