அரியலூர் ஸிமெண்டு

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் அலை அடித்தது என்றால் நம்பச் சிரமமாயிருக்கும். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் 12 கோடி வருஷத்து மரத்தைப் பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும். அந்தக் கடல் விட்டுச் சென்ற ஆஸ்திதான் சுண்ணாம்புக்கல். அதைத் தின்றுகொண்டு ரெட்டிப்பாளையம், தளவாய், ஆலத்தியூர், கோவிந்தபுரம் என்று ஆலைகள் நிற்கின்றன. ஸர்க்கார் ஆலை ஒன்றும் 1979 முதல் உண்டு.

ஒரே சரக்கை இத்தனை பேர் விற்றால் விலை இறங்கத்தானே வேண்டும்?

யுத்த காலம் முதல், நடுவே சொற்ப காலம் நீங்கலாக, ஸிமெண்டு விலை ஸர்க்கார் பிடியில் இருந்தது. பர்மிட்டுக்காகக் கால் கடுக்க நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982ல் பிடி பாதி தளர்ந்தது. 1989ல் முழுவதும் விட்டுப் போயிற்று. போட்டி வரும், வாங்குகிறவன் பிழைப்பான் என்றார்கள். வந்ததோ வழக்கு. கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பதாகக் கண்ட ஏகபோகத் தடுப்புக் கமிஷன், 2007 டிசம்பரில் இனி அப்படிச் செய்யலாகாது என்று உத்தரவிட்டது. அபராதம் போட அதற்கு அதிகாரமில்லை. பிரம்பில்லாத வாத்தியார்!

பிரம்பு பிறகு வந்தது. பின்னால் 2022ல் கூகுளுக்கே 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்ட போட்டிக் கமிஷன், 2012 ஜூனில் 11 ஸிமெண்டுக் கம்பெனிகளுக்கு 6,000 கோடிக்கு மேல் விதித்தது. மேலே சொன்ன நாலு ஊர் ஆலைகளின் சொந்தக்காரர்களும் அதில் அடக்கம். 2010 கடைசியில் உற்பத்தியைக் குறைத்து, 2011 ஆரம்பத்தில் விலையை ஏற்றினார்கள் என்பது கமிஷனின் முடிவு. கம்பெனிகள் மறுத்தன. 2015ல் உத்தரவு ரத்தாயிற்று. 2016ல் மறுபடி பிறந்தது. 2018ல் மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்ய, வழக்கு சுப்ரீம் கோர்ட்டுப் படி ஏறியது.

அந்த 2011ல்தான் எனக்குத் தெரிந்த பெரம்பலூர் பஸ் கண்டக்டர் ஒருவர் வீட்டுக்குத் தளம் போட்டார். “கல்லு நம்ம ஊரு, புழுதியும் நம்ம ஊரு. விலை மட்டும் எந்த ஊருங்க?” என்று என்னைக் கேட்டார். அபராதம் முழுக்க வசூலானாலும் மத்திய கஜானாவுக்குத்தான் போகும். அவர் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பாது. 2015ல் தமிழக ஸர்க்கார் தனியார் ஆலைகளிடமே வாங்கி மூட்டை 190 ரூபாய்க்கு விற்றது. வெளிக்கடையில் அப்போது 300க்கு மேல். குறைத்துக் கொடுக்கவும் அவர்களால் முடிந்திருக்கிறது, பாருங்கள்!

2024 டிசம்பரில், ரெட்டிப்பாளையம் ஆலையை உடைய அல்ட்ராடெக், தளவாய் ஆலையை உடைய இந்தியா ஸிமெண்ட்ஸையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. அதற்கு அனுமதி தந்தது அதே போட்டிக் கமிஷன்தான்.