வருகைப் பதிவும் வாய்ப்பேச்சும்: சப்ரகமுவத் தோட்டங்களில் கர்ப்பகால ஆலோசனை

தாய்சேய் நலத்தில் வளரும் நாடுகளுக்கு முன்மாதிரியாக இலங்கையைக் காட்டுவது வழக்கம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு தேடி வரும் குடும்பநல மாதர், கட்டணமில்லா மருத்துவமனை ஆகியவற்றின் பயன் பெரிது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி கர்ப்பிணிகளில் 99 சதவீதத்தினர் பயிற்சி பெற்றோரிடம் பராமரிப்புப் பெற்றிருந்தனர். அதே அளவீட்டில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளவில் ஏறத்தாழ 17 சதவீதம், தோட்டத்துறையில் 32. இதற்கு வறுமை, லயம் எனும் வரிசை வீடுகளின் நெருக்கம், தண்ணீர் எனக் காரணங்கள் பல. ஆனால் கிளினிக்குக்கு வந்த தாயிடம் அங்கே என்ன பேசப்பட்டது, அதில் எது அவளுக்கு விளங்கியது என்ற கேள்வி இந்தப் பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இக்கேள்விக்குத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியாவை விட சப்ரகமுவ மாகாணம் நல்ல களம். காவத்தை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. இங்குள்ள தமிழ்ப் பெண்கள் பலருக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அதனால் சிங்களத்தில் நடக்கும் கிளினிக்கிலும் மொழிப் பிரச்சினை இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிடலாம். ஆனால் சந்தையில் பேரம் பேசப் போதுமான சிங்களம், வெள்ளைப்படுதலையும் முன்பு கலைந்த கருவையும் பற்றிச் சொல்லப் போதாது. வெட்கமும் சேரும்போது தலையாட்டுவதே எளிது. தலையாட்டல் புரிதலாகப் பதிவாகிறது.

நேரமும் எதிராக நிற்கிறது. றப்பர் மலையில் விடிகாலையில் பால்வெட்டி, முற்பகலில் சேகரித்து நிறுக்க வேண்டும். கிளினிக் கூடுவதும் அதே முற்பகலில்தான். கிளினிக்குக்குப் போனால் பேர் (அன்றைய நாட்சம்பளம்) விழாது, அல்லது அரைப்பேர். உலக சுகாதார நிறுவனம் 2016இல் கர்ப்பகாலச் சந்திப்புகளை நான்கிலிருந்து எட்டாக உயர்த்தப் பரிந்துரைத்தது. மாதச் சம்பளக்காரிக்கு அது கூடுதல் கவனிப்பு. நாட்சம்பளக்காரிக்குக் கூடுதல் இழப்பும்கூட. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டமும், எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை தந்த 2018ஆம் ஆண்டுத் திருத்தமும் பிரசவத்தை ஒட்டிய நாட்களையே பெரிதும் கருதின. ஐந்தாம் மாதத்துக் கிளினிக் காலைப்பொழுதுக்கும் சம்பளம் வேண்டும் என்பதே என் முதல் வாதம்.

அடுத்தது பேச்சின் தரம். இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் அது இலவசம். கர்ப்பிணி அட்டையில் கொடுத்ததற்கான குறிப்பும் விழுகிறது. ரொட்டியோடும் அதன் பின்னும் சாயத்தண்ணி குடிப்பது தோட்டத்துப் பழக்கம். தேயிலையிலுள்ள டனின் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. கல்சியம் மாத்திரையை ஒரே நேரத்தில் விழுங்கினாலும் அதே தடை. மாத்திரையால் வயிறு குமட்டுகிறது, மலம் கறுக்கிறது. பயந்தவள் நிறுத்திவிடுகிறாள், அடுத்தமுறை குடித்ததாகச் சொல்கிறாள். “தேத்தண்ணி குடிக்காதே” என்பது அறிவுரையே அல்ல. மலையில் பசியடக்குவது அதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நேரம்விட்டு மாத்திரையைப் போடு, கல்சியத்தைக் காலையில் வை, கறுப்பைக் கண்டு பயப்படாதே என்று அவள் நாளைக் கேட்டறிந்து சொல்வதுதான் ஆலோசனை. திரிபோஷா என்ற சத்துமாவும் அப்படியே: கர்ப்பிணிக்குத் தரும் பொதியை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதை அறியாமல் அளவு சொல்வது வீண். மாமியாரையும் புருஷனையும் சேர்த்து உட்காரவைக்காத பேச்சு லயத்து வாசலைத் தாண்டாது.

இதைச் செய்ய ஆள் யார்? அரசின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் ஒருபுறம், கம்பனித் தோட்டத்தின் வைத்திய உதவியாளர் மறுபுறம். 1992இல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குப் போன பின்னும் இந்த இரட்டைப் பொறுப்பு தீரவில்லை. குடும்பநல மாதர் பணிக்குத் தகுதியுள்ள தமிழ்ப் பெண்கள் கிடைப்பதில்லை என்பது வழக்கமான பதில். பொய்யில்லை, உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் இம்மாகாணத்தில் அரிது. ஆனால் தகுதியைத் தடுத்த அதே அரசு தகுதியின்மையைக் காரணம் காட்டுவது விந்தை. குடும்பநல மாதருக்கான ஒன்றரை ஆண்டுப் பயிற்சிக்கு முன் ஓராண்டு இணைப்புக் கல்வி வைத்தால் தோட்டத்துப் பிள்ளைகளே இப்பணிக்கு வருவார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எடை, அழுத்தம், மாத்திரை எனக் குறிக்கும் கர்ப்பிணி அட்டையில் இன்னொரு கட்டம் சேர்க்கலாம்: சொன்னதைத் தாய் தன் மொழியில் திருப்பிச் சொன்னாளா, அவள் கேட்ட கேள்வி என்ன? மாதாந்தக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் வருகைத் தொகைக்கு முன் அந்தக் கட்டத்தைப் பார்க்கட்டும்.