அறுத்தெடுத்த சரணம்

திருவண்ணாமலையில் தோழர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் சாம் குக் பாடிய ‘எ சேஞ்ச் இஸ் கான்னா கம்’ பாட்டை ரெண்டு பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டோம். அதே குரல், அதே வாத்தியங்கள். ஆனால் ஒன்றில் ஒரு சரணம் இல்லை. “டேப் அறுந்திருக்கும்ப்பா” என்றார் கூட இருந்தவர். அறுந்ததல்ல, அறுத்தது.

1963 அக்டோபர் 8. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், சொல்லி வைத்திருந்த விடுதி அறையைக் கறுப்பர் என்பதால் குக்குக்குத் தர மறுத்தார்கள். சத்தம் போட்டவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வானொலி முழுக்கக் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெரிய பாடகர் அவர். பேரும் பணமும் அந்த வாசலில் செல்லவில்லை.

1964 ஜனவரி 30ஆம் தேதி ஹாலிவுட்டில் ஆர்.சி.ஏ. கூடத்தில் இந்தப் பாட்டு பதிவானது. இசைக்கோர்ப்பு ரெனே ஹால். பிப்ரவரி 7இல் தொலைக்காட்சியில் பாடினார். அந்த ஒளிப்பதிவை யாரும் பாதுகாக்கவில்லை. மார்ச்சில் ‘எய்ன்ட் தட் குட் நியூஸ்’ நெடுந்தட்டில் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டாக, முழுசாக வந்தது. டிசம்பர் 11இல் லாஸ் ஏஞ்சலஸ் விடுதியொன்றில் சுடப்பட்டு இறந்தார். வயசு 33. டிசம்பர் 22இல் சிறிய தட்டு வெளியானது. முன்பக்கம் ஆட்டப் பாட்டு ‘ஷேக்’, பின்பக்கம் இது. வானொலிக்காகச் சுருக்கியபோதுதான் அந்தச் சரணம் போனது.

எது போனது பாருங்கள். சினிமாவுக்கும் கடைவீதிக்கும் போகிறவனை ‘இங்கே நிற்காதே’ என்று விரட்டுகிற சரணம். மற்றதை ஒரு தனிமனிதனின் துயரம் என்றும் கேட்டுவிட்டுப் போகலாம். இதை அப்படிக் கேட்க முடியாது. தெருவும் கொட்டகையும் விரட்டுகிற ஆளும் இதில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் காவலோடு நுழைந்தது 2023இல். அதுவும் ஜனவரி 30தான். கோயில் நுழைவுச் சட்டம் 1947லேயே வந்தாச்சு. இப்போது அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்கிறார்கள். சுமார் எண்பது வருஷம் வாசலை மறித்து நின்றது யார் என்கிற சரணம் அந்தப் பேச்சில் வருவதில்லை.

2003இல் வந்த குக்கின் தொகுப்பில் பாட்டு முழுசாக இருக்கிறது. நீளமான பதிவையே எனக்கு எடுத்துத் தரும்படி தோழரிடம் கேட்டிருக்கிறேன்.