ஸ்னோமொபைல் எஞ்சின்: பிஸ்டன், ரிங் பழுதறிதல்

பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கம்ப்ரஷன் குறைவதற்கான காரணத்தை பிஸ்டனிலும் ரிங்கிலும் ஆராய்ந்து அறியும் முறை. ஸ்டார்ட்டர் கயிறு வழக்கத்தைவிட லேசாக இழுபடுவது முதல் அறிகுறி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து கம்ப்ரஷன் கேஜால் அளக்கும்போது, சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் பழுதை ஐயுறலாம். சிலிண்டருக்குள் சில துளி எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் பெரும்பாலும் ரிங் தேய்மானம்.

உறுதியான சான்று பிஸ்டனிலேயே கிடைக்கும். நான்கு இடங்களில் செங்குத்தான உரசல் தெரிந்தால், எஞ்சின் சூடேறுமுன் விரட்டப்பட்டிருக்கும்: அலுமினிய பிஸ்டன் விரிந்துவிட, குளிர்ந்த சிலிண்டர் அதை இறுக்கிப் பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் எரிபொருள் குறைந்த கலவையோ ஆயில் பற்றாக்குறையோ காரணம். கடுங்குளிரில் காற்று அடர்வதால், கார்புரேட்டர் ஜெட் சிறிதாயின் கலவையில் எரிபொருள் குறைவது எளிதில் நேரும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது டெட்டோனேஷன் அல்லது முன்பற்றலின் அடையாளம்.