கேன் பஸ்ஸில் பிழையும் விழிப்பும்: இரண்டு குறிப்புகளின் வரலாறு

தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு கொண்டுவரும் மினி லாரி ஒன்று சென்ற மாசியில் சாலையோரப் பட்டறையில் வந்து படுத்துக்கொண்டது. ஸ்கேனரைச் செருகியதும் யூ0073 என்ற கோடு விழுந்தது. வண்டியின் மின்னணுப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டைக் கம்பியான கேன் பஸ் ‘ஆஃப்’ என்று அதற்குப் பொருள். மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் பின்னிலும் 14ஆம் பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தார். 60 ஓம் காட்டவேண்டிய இடத்தில் 120 காட்டியது. இரு கோடியிலும் இருக்கவேண்டிய 120 ஓம் தடைகளில் ஒன்று தொடர்பற்றுப் போயிருந்தது. அறுவடை முடிந்தால் வயல் எலிக்கு வண்டிதான் வீடு; டேஷ்போர்டுக்கு அடியில் முறுக்குக் கம்பியைக் கடித்துக் குதறியிருந்தது.

அந்த ‘ஆஃப்’ ஸ்கேனரின் தீர்ப்பு அன்று. வண்டிக்குள் இருந்த ஒரு சில்லு தன் பிழைகளைத் தானே எண்ணி, தானே விலகிக்கொண்டதன் பதிவு அது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 1983இல் உருவாக்கத் தொடங்கிய கேன், 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் எஸ்ஏஇ மாநாட்டில் வெளியிடப்பட்டபோதே, கெட்டுப்போன கணு, அதாவது கம்பியில் இணைந்த கருவி, தானாக ஒதுங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அனுப்பும்போது பிழை நேர்ந்தால் கணுவின் பிழை எண்ணி 8 கூடும். ஒழுங்காக அனுப்பினால் 1 குறையும். 128ஐ எட்டினால் கணு அடக்கி வாசிக்கவேண்டும். 255ஐத் தாண்டினால் வெளியேற்றம். குற்றத்துக்கு எட்டு, நற்செயலுக்கு ஒன்று: கறாரான கணக்குதான்.

உறங்கும் கணுவை எழுப்பும் விழிப்புக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. 1991இல் வந்த கேன் 2.0 ஆவணத்தில் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் ஒதுக்கப்பட்டது மிகச் சிறிய இடம். ஆனால் பிழை விதிகளின் கடைசியில் இரண்டு குறிப்புகள் உள்ளன. என் பார்வையில் பின்வந்த வரலாற்றின் திறவுகோல் அவைதாம்.

முதல் குறிப்பு, எண்ணி சுமார் 96ஐத் தாண்டினால் கம்பியில் பெருந்தொல்லை என்று கொள்ளலாம் என்கிறது. ஆவணத்தில் யோசனையாக மட்டும் நிற்கும் அந்த எண், பிலிப்ஸின் 82சி200 சில்லில் நிலைப் பதிவேட்டின் ஒரு பிட். அதற்குப் பின் வந்த எஸ்ஜேஏ1000இல் நிரல் எழுதுபவரே அந்த வரம்பை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது குறிப்பில்தான் பிழையும் விழிப்பும் சந்திக்கின்றன. மற்றவை உறங்கும்போது ஒரு கணு மட்டும் பேசினால், ‘கிடைத்தது’ என்று ஒப்புக்கொள்ள ஆளில்லை. அது பிழையாகும், திரும்ப அனுப்பும், மறுபடியும் பிழை. பதினாறாவது முயற்சியில் 128. அதன்பிறகு இந்தக் காரணத்துக்காக எண்ணி ஏறாது என்று விதிவிலக்கு வைத்தார்கள். இல்லாவிட்டால் ஊரை எழுப்பப் போனவனே ஊர்விலக்குக்கு ஆளாகியிருப்பான். எழுப்பப்பட்ட கணுவுக்கும் ஒரு நஷ்டம் உண்டு: எஸ்ஜேஏ1000 உறக்கம் கலைந்ததும், கம்பி ஓய்ந்திருப்பதைக் காட்டும் 11 ஒடுங்கு (ரிசெசிவ்) பிட்டுகளைத் தொடர்ந்து காணும்வரை எதையும் வாங்காது. எழுப்பிய செய்தியே அதற்குக் கிடைப்பதில்லை.

பேட்டரியைக் காக்கவேண்டிய நெருக்கடி முற்றியபின் விழிப்புக்கென்றே தரநிலைகள் வந்தன: 2007இல் ஐஎஸ்ஓ 11898-5, 2013இல் குறிப்பிட்ட கணுவை மட்டும் எழுப்பும் 11898-6. பிழையின் பக்கத்திலோ, எண்ணியின் நேர்மையையே ஆயுதமாக்கி, நல்ல கணுவை வெளியேறச் செய்யலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள்.

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரின் பிஎக்ஸ்கேன் பகுதியில் இரண்டும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்த பிட்டுகளாக உட்கார்ந்திருக்கின்றன: பிழைக்கு ஈஆர்ஆர்ஐ, விழிப்புக்கு டபிள்யூகேயுஐ. இன்டரப்ட் வழியும் ஒன்றே. வந்தது எது என்று பார்த்து, அந்த பிட்டில் 1 எழுதி அழிக்கவேண்டும். மறந்தால் அதே இன்டரப்ட் ஓயாமல் கதவைத் தட்டும்.

விலகிய கணு திரும்பிவர, அந்த 11 ஒடுங்கு பிட்டுகள் 128 முறை வரவேண்டும்: மொத்தம் 1,408 பிட்டுகள். நொடிக்கு 500 கிலோபிட் ஓடும் கம்பியில் 3 மில்லி வினாடிகூட ஆகாது. பட்டறையில் கம்பியை ஒட்டி, மீட்டர் 60 காட்டி, வண்டி உறுமிய பிறகும் யூ0073 நினைவகத்தில் அப்படியே இருந்தது. மெக்கானிக் அதை அழித்துவிட்டு, எலிப்பொறி ஒன்று வாங்கிவைக்கச் சொன்னார்.